ஆஜர்: இரவுப் பட்டியலும் காலைப் பதிவேடும்

1

பள்ளிக்கூட வரலாறு என்று நம்மிடம் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் நிறுவனர் வரலாறுதான். யார் இடம் கொடுத்தார், எந்த வருஷம் கட்டினார்கள், எந்த அமைச்சர் திறந்து வைத்தார், இங்கே படித்தவர்களில் எத்தனை பேர் பெரிய பதவிக்குப் போனார்கள். நூற்றாண்டு மலர்களைப் புரட்டினால் இதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. மணி அடிப்பது, வரிசையில் நிற்பது, பேர் கூப்பிடுவது, சுற்றறிக்கை வாசிப்பது, மத்தியானம் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, இதெல்லாம் வரலாறு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தினமும் நடக்கிற காரியத்துக்கு என்ன பெரிய வரலாறு என்ற நினைப்பு. ஆனால் அதிகாரம் மக்களின் உடம்பில் படிவது சட்டசபையில் நிறைவேறும் தீர்மானங்கள் வழியாக மட்டுமல்ல. தினமும் நடப்பதாலேயே யாரும் கேள்வி கேட்காத காரியங்கள் வழியாகத்தான் அது அதிகம் படிகிறது.

மதுரைக்கு மேற்கே நாகமலையைத் தாண்டி செக்கானூரணி, கருமாத்தூர், செல்லம்பட்டி, உசிலம்பட்டி, சேடப்பட்டி என்று விரியும் சமவெளியில் இதற்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. இந்த ஊர்களில் ‘அரசு கள்ளர் நடுநிலைப் பள்ளி’, ‘அரசு கள்ளர் மேல்நிலைப் பள்ளி’ என்ற பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ முந்நூறு பள்ளிகள் ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற நிர்வாகத் தலைப்பின் கீழ் வளர்ந்தவை. சாதிப் பெயரில் அரசுப் பள்ளியா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது பழகிப்போன பெயர். இந்தப் பள்ளிகளின் ஒருநாள் நடவடிக்கையை, குறிப்பாக வருகைப் பதிவை, அதே மண்ணில் அதே காலத்தில் எழுதப்பட்ட இன்னொரு வருகைப் பதிவோடு சேர்த்து வாசிப்பதே இக்கட்டுரையின் வேலை.

2

வருகைப் பதிவேடு என்பது பள்ளிக்கூடத்தோடு கூடப் பிறந்த சாமான் அல்ல. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் விடியலுக்கு முன்பே போக வேண்டும் என்பது வழக்கம். யார் முதலில் வந்தான், யார் இரண்டாவது, யார் கடைசி என்ற வரிசைதான் அங்கே கணக்கு. முதலில் வந்தவனுக்கு மரியாதை, கடைசியாக வந்தவனுக்கு அடி. வராதவனைப் பிடித்து வர நாலு பெரிய பையன்கள் போவார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லை. இதை ஏதோ பொற்காலமாகச் சொல்லவில்லை. அங்கே பிரம்பு இருந்தது, கோதண்டம் என்று பிள்ளையைக் கட்டித் தொங்கவிடும் தண்டனை இருந்தது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடமே இல்லை. ஆனால் அங்கே நடந்த அதிகாரம் வாத்தியாரின் கண்ணிலும் கையிலும் இருந்தது. அரசாங்கம் எடுத்துப் பார்க்கக்கூடிய ஏட்டில் இல்லை.

அரசாங்கத்தின் ஏட்டுக்கு வந்த கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1789-இல் எழும்பூரில் இருந்த கம்பெனிச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு மேற்பார்வையாளராக வந்த ஆண்ட்ரூ பெல், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை, அதாவது நம் சட்டாம்பிள்ளை முறையை, ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் அது புத்தகமானது. ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. ஒரு வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம், செலவு குறைவு. அதற்கு விலை என்னவென்றால், ஒவ்வொரு பிள்ளையும் எங்கே உட்கார்ந்திருக்கிறான், என்ன செய்கிறான், வந்தானா இல்லையா என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். திண்ணையிலிருந்து போன சட்டாம்பிள்ளை, நோட்டும் கையுமாகத் திரும்பி வந்தான்.

நாம் சொல்லும் ‘ஆஜர்’ என்ற சொல்லும் பள்ளிக்கூடச் சொல் அல்ல. அரபு, பார்சி வழியாகக் கச்சேரிக்கு வந்து, கச்சேரியிலிருந்து வகுப்பறைக்கு வந்தது. வாதியும் பிரதிவாதியும் ஆஜராவார்கள், கைதி ஆஜர்படுத்தப்படுவான். பிறகு அதே சொல்லைப் பிள்ளைகள் சொன்னார்கள். பின்னாளில் ‘பிரசன்ட் சார்’ வந்தது, ‘உள்ளேன் ஐயா’ வந்தது. சொல் மாறினாலும் காரியம் மாறவில்லை. பேர் கூப்பிட்டதும் உடம்பு அங்கே இருக்கிறது என்று வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டதை இன்னொருவர் எழுதிக்கொள்வார்.

3

இப்போது இன்னொரு பட்டியலுக்கு வருவோம். 1871-இல் வட இந்தியாவில் சில பகுதிகளுக்கென்று போடப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஒரு கூட்டத்தாரைக் ‘குற்றப் பரம்பரை’ என்று அரசு அறிவித்துவிட்டால் போதும். அவர்களின் பெயரைப் பதியலாம், விரல்ரேகை எடுக்கலாம், குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் ஆஜர் கொடுக்கச் சொல்லலாம், எங்கே போகிறோம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போக வைக்கலாம். தனி ஆள் குற்றம் செய்தானா என்ற விசாரணை இதற்குத் தேவையில்லை. பிறந்ததே போதுமான சாட்சி.

மதுரை மாவட்டத்தில் 1914-இல் இந்தச் சட்டம் முதலில் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது. 1918 வாக்கில் பிரமலைக் கள்ளர் மொத்தப் பேருக்கும் விரிந்தது. கிராமங்களிலும் நகரத் தெருக்களிலும் காவல் காத்துக் கூலி வாங்கிய ஒரு சமூகத்தைப் புதிய போலீசின் கண்ணால் பார்த்தபோது, காவல் கூலி மிரட்டிப் பறிக்கும் பணமாகத் தெரிந்தது. இதில் வெள்ளைக்காரனின் கண் மட்டும் இல்லை. காவலுக்குக் கொடுக்கச் சலித்துப்போன குடியானவர்களின் குரலும், கூலி தராத இடத்தில் கள்ளர்கள் நடத்திய களவும் சேர்ந்தே இருந்தன. அதை மறைத்து எழுத வேண்டியதில்லை. ஆனால் சிலருடைய களவுக்கு ஒரு சாதியின் வயதுவந்த ஆண்கள் அத்தனை பேரும் கைநாட்டு வைக்க வேண்டும் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கு ராத்திரியில்தான் எடுக்கப்பட்டது. இரவானால் காவல் நிலையத்துக்கோ, அதற்கென்று ஒதுக்கிய சாவடிக்கோ போய்ப் பேர் கொடுத்துவிட்டு அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும் என்பது இந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் நினைவு. கல்யாணமான அன்று ராத்திரி மாப்பிள்ளையும் அங்கேதான் கிடந்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சட்டத்தை இங்கே யாரும் சட்டப் பெயரால் சொல்வதில்லை. ‘ரேகைச் சட்டம்’ என்றுதான் சொல்வார்கள். விரலில் அப்பிய மைதான் அதன் பெயர்.

கீழக்குயில்குடி இருப்பது சமணமலையின் அடிவாரத்தில். மலையில் சமணத் துறவிகள் வாழ்ந்த பள்ளி இருந்ததற்குக் கல்வெட்டும் சிற்பமும் சாட்சி. ‘பள்ளி’ என்ற சொல்லுக்குப் படுக்கும் இடம், துறவிகள் தங்குமிடம், படிக்கும் இடம் என்று பொருள் விரிந்த வரலாறு தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த மலையடியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படுக்கைக்கும் ஒரு பட்டியல் வந்தது, படிப்புக்கும் ஒரு பட்டியல் வந்தது.

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சேடப்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பேர் பதிய மறுத்த ஜனங்கள்மேல் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குக் கிடைத்த இடம் தேசிய வரலாற்றில் இதற்குக் கிடைக்கவில்லை. காரணம் யோசித்தால் எளிதுதான். அங்கே செத்தவர்கள் ‘இந்தியர்கள்’, இங்கே செத்தவர்கள் ‘குற்றப் பரம்பரை’. மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காகக் கோர்ட்டிலும் வெளியிலும் வாதாடினார். கோட்டில் ரோஜாப்பூ செருகியிருந்த அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்த ஜனங்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். மனுப்போட ஒரு ஆள் இருந்தால் அவன் துரைதான். இதை நாம் பிறகு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

4

1911 சட்டத்தின் இன்னொரு பிரிவு பிள்ளைகளைப் பற்றியது. ஆறு வயதுக்கு மேல் பதினெட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, தொழில் அல்லது சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்க அது அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆந்திரப் பகுதியில் ஸ்டுவர்ட்புரம் போன்ற குடியிருப்புகளை இரட்சண்ய சேனையிடம் ஒப்படைத்து நடத்தினார்கள். பிரமலைக் கள்ளர் நாட்டில் ஜனத்தொகை பெரிது. ஒரு நாட்டையே முள்வேலிக்குள் அடைக்க முடியாது. ஆகவே வேறு வழி எடுத்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்த அந்த 1920-ஐ ஒட்டித்தான் ‘கள்ளர் சீரமைப்பு’ தொடங்குகிறது. ஊருக்குள்ளேயே பள்ளி, கூட்டுறவுச் சங்கம், கிணறு வெட்டக் கடன், ஊர்ப் பஞ்சாயத்து. பஞ்சாயத்து உத்தரவாதம் கொடுத்தால் ஆஜர் பட்டியலிலிருந்து சிலருக்குச் சலுகை. இதை மேற்பார்த்தது தொழிலாளர் ஆணையரின் இலாகா. ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் திறந்ததும் அதே இலாகாதான். பின்னாளில் ஒரே ஊரில் எதிரெதிராக நிற்கப்போகும் இரண்டு ஜனங்கள், அன்றைக்கு ஒரே அலுவலகத்தின் இரண்டு கோப்புகள்.

ஆங்கிலத்தில் அவர்கள் வைத்த பெயர் ‘ரெக்ளமேஷன்’. தரிசு நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் திருத்தி விளைச்சலுக்குக் கொண்டுவருவதற்குச் சொல்லும் சொல். மனிதர்கள் தரிசாகக் கிடக்கிறார்கள், உழுது பண்படுத்த வேண்டும் என்பது அதன் பொருள். தமிழில் ‘சீரமைப்பு’ என்றானபோது நிலத்தின் வாடை போய்விட்டது. சீர் இல்லாதவர்கள் என்ற வசவு மட்டும் தங்கிவிட்டது.

சிறை, பாசறை, தொழிற்சாலை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று கேட்டவர் பூக்கோ. 1975-இல் வெளிவந்த அவருடைய சிறை பற்றிய நூலைப் படித்துவிட்டு, தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் நாம் பள்ளியைக் கண்காணிப்புக் கூடம் என்று எழுதித் தள்ளினோம். அதில் பிழை இல்லை. ஆனால் பிரான்சில் பூக்கோ காட்டியது பெரும்பாலும் ஒப்புமை. உசிலம்பட்டிப் பக்கம் அது ஒப்புமை அல்ல. ஒரே கொள்கை இரண்டு நோட்டுப் போட்டது. ராத்திரி அப்பனுக்கு ஒரு நோட்டு, காலையில் மகனுக்கு ஒரு நோட்டு. அப்பன் வராவிட்டால் கைது, மகன் வராவிட்டால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அப்பனின் உடம்பு ராத்திரியில் வெளியே போகக் கூடாது, மகனின் உடம்பு பகலில் மாட்டுக்குப் பின்னால் போகக் கூடாது. இரண்டு நோட்டிலும் ஒரு பக்கத்தில் பெயர், எதிரே நாட்களின் கட்டம்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் கோட்பாட்டுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. முத்துராமலிங்கத் தேவர், பி. ராமமூர்த்தி போன்றவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1947-இல் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தானது. இந்தியா முழுவதும் ரத்தானது 1952-இல். ராத்திரி நோட்டு மூடப்பட்டது. காலை நோட்டையும் மூடு என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் பள்ளி வேண்டும், விடுதி வேண்டும், ஐந்தாம் வகுப்போடு நிற்பதை எட்டாம் வகுப்பாக்கு, எட்டை பத்தாக்கு என்றுதான் மனுப் போனது. அதே கை எழுதிய இரண்டு நோட்டில் ஒன்றை ஜனங்கள் வெறுத்தார்கள், மற்றதைக் கேட்டு வாங்கினார்கள். கண்காணிப்பு என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்க முடியாது.

விளக்கம் இப்படி இருக்கலாம். ராத்திரி நோட்டில் தன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கைநாட்டு வைத்தவனுக்கு வாசிக்கத் தெரியாது. காலை நோட்டில் பேர் உள்ளவன் நாலு வருஷத்தில் அதை வாசித்துவிடுவான். வாசிக்கத் தெரிந்தவன் மனு எழுதுவான். மனுவுக்கு ரோசாப்பூ துரையைத் தேடி மதுரைக்கு நடக்க வேண்டியதில்லை. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே வாசிக்கும் உரிமை, அடுத்த கட்டமாகத் தானே எழுதும் உரிமை. சீரமைக்க வந்தவர்கள் கொடுக்க நினைத்தது ஒழுக்கம். ஜனங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது எழுத்து.

5

பள்ளி நாளின் இரண்டாவது சடங்கு அறிவிப்பு. காலை இறைவணக்கக் கூட்டத்தில் வரிசைப்படி தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், பொருள், செய்தி வாசிப்பு, உறுதிமொழி. அதற்குப் பிறகு தலைமையாசிரியர் பேசுவார். தடுப்பூசிக்கு நாளைக்கு ஆள் வருகிறார்கள், கண் பரிசோதனை வியாழக்கிழமை, சீருடை அளவு கொடுக்காதவர்கள் கொடுங்கள், சாதிச் சான்றிதழ் கொண்டுவராதவர்கள் அப்பாவைக் கூட்டி வாருங்கள். பிள்ளைகள் வெயிலில் கால் மாற்றி நிற்பார்கள்.

இந்த அறிவிப்புக்கு மூத்த வடிவம் தண்டோரா. ‘இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது’ என்று தொடங்கும் குரல். சர்க்கார் சொல்ல வேண்டியதை ஊர்ச் சந்தியில் பறையடித்துச் சொன்னவர் பெரும்பாலும் தலித்துதான். சொல்லும் வாய் அவருடையது, சொல் அவருடையது அல்ல. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி தமிழக அரசு மாவட்டங்களுக்கு எழுதியது 2022-இல்தான். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே அந்த வேலையில் பாதியைப் பள்ளி எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு கிராமத்தில் அத்தனை வீட்டுக்கும் சேதி போய்ச் சேர வேண்டுமென்றால் காலை ஒன்பதரைக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் சொன்னால் போதும். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஆக நடுநிலைப் பள்ளி மாணவன் படிக்கிறவன் மட்டுமல்ல. அரசாங்கத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் சேதி தூக்கிப் போகிறவன். படிவத்தை நிரப்புகிறவனும் அவனே. அப்பனும் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டிக் கொடுப்பவனும் அவனே. இன்று அது கைபேசிக் குழுவில் வருகிறது. வாசித்துச் சொல்வது பல வீடுகளில் இன்னும் பிள்ளைதான்.

இந்த அறிவிப்புகளில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒன்று சான்றிதழ். சட்டம் ரத்தான பிறகு இந்த மக்களுக்குச் ‘சீர்மரபினர்’ என்று பெயர் வந்தது. குற்றப் பரம்பரை என்பதை நேர் தலைகீழாக்கிய பெயர். 1979-இல் ஓர் அரசாணை ‘பழங்குடியினர்’ என்பதை ‘வகுப்பினர்’ என்று மாற்றியது. ஒரு சொல்தான். ஆனால் மத்திய அரசுத் திட்டங்களில் பழங்குடி என்ற சொல் இல்லாமல் நுழைய முடியாது என்று பிற்பாடு தெரிந்தபோது, அந்தச் சொல்லைத் திரும்பக் கேட்டு நாற்பது வருஷம் இழுபறி. 2019-இல் மாநிலத் திட்டங்களுக்கு ஒரு பெயர், மத்தியத் திட்டங்களுக்கு இன்னொரு பெயர் என்று இரண்டு சான்றிதழ் கொடுத்தார்கள். தாத்தா பேர் பதிய மாட்டேன் என்று துப்பாக்கிக்கு முன்னால் நின்ற ஊரில், பேரன் சரியான பேரில் பதிந்து கொடு என்று தாலுகா ஆபீசில் நிற்கிறான். இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. வதைத்த பட்டியல்தான் இழப்பீட்டுக்கும் ஆதாரம். கொடுமைக்கு வேறு ரசீது கிடையாது.

அந்தச் சான்றிதழுக்கு அடிப்படை என்ன? பள்ளிப் பதிவேடு. பிறந்த தேதி, அப்பா பேர், சாதி எல்லாவற்றுக்கும் கடைசியில் டி.சி.யைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். கிராமத்துப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் பிள்ளையின் கையைத் தலைக்கு மேலாகக் காதைத் தொடச் சொல்லி, வயது சரி என்று மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே ஜூனில் பிறந்தது இப்படித்தான். அந்தத் தேதியை வைத்துத்தான் வேலைக்குப் போனார்கள், அந்தத் தேதியில்தான் ஓய்வு பெற்றார்கள்.

6

மூன்றாவது சடங்கு சாப்பாடு. 1920-இல் சென்னை மாநகராட்சியில் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் ஒரு பள்ளியில் தொடங்கிப் பிறகு நின்றுபோனது மதிய உணவு. 1956-இல் காமராசர் காலத்தில் மாநில அளவில் வந்தது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது மதுரையில்தான், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்.

இந்தத் தேதிகளைக் கட்சிக்காரர்கள் மேடையில் சொல்வார்கள். நாம் கவனிக்க வேண்டியது நோட்டில் நடந்த மாற்றத்தை. காலையில் எத்தனை தலை என்று எண்ணியதும் அந்த எண் சமையற்கூடத்துக்குப் போகிறது. அத்தனைக்குத்தான் அரிசி அளக்கப்படுகிறது. ‘ஆஜர்’ என்பது உடம்பை ஒப்புக்கொடுக்கும் சொல்லாக இருந்தது. இப்போது அதே சொல் தனக்கு ஒரு கை அரிசி போடச் சொல்லும் சொல்லாகவும் ஆனது. வராதவனைக் கைது செய்யும் பட்டியலுக்கும், வந்தவனுக்குச் சோறு போடும் பட்டியலுக்கும் வடிவத்தில் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் முழுக்க அரசியலில் இருக்கிறது. 1958 முதல் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராக நடத்திய மாநாடுகளுக்குப் ‘பள்ளிச் சீரமைப்பு மாநாடு’ என்று பெயர். ஜனங்கள் பெஞ்சு, மணி, கூரை, சீருடை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். அதே ‘சீரமைப்பு’தான். ஆனால் சீரமைக்கப்பட வேண்டியது மக்கள் என்பது மாறி, பள்ளி என்றானது. சென்னை மாகாண நிர்வாகத்தின் அகராதியில் நடந்த மிகப் பெரிய மாற்றம் என்று இதை நான் கருதுகிறேன்.

அதற்காகப் பந்தி சமமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் தட்டு எங்கே கழுவப்படுவது என்ற சண்டை தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் நடந்திருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று சொன்ன ஊர்கள் உண்டு. வரிசையில் சேர்ந்து நிற்க வைத்த பள்ளி, ஊருக்குள் சேர்ந்து நிற்க வைக்கவில்லை.

7

இங்கேதான் பெயர்ப் பலகைக்கு வருகிறோம். கள்ளர் பள்ளிகளில் கள்ளர் பிள்ளைகள் மட்டும் படிப்பதில்லை. ஊரில் உள்ள எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், தலித் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பலகை என்ன சொல்கிறது? 1920-இல் ஒடுக்கப்பட்டவர்களின் பெயராக இருந்தது, நிலமும் ஓட்டும் எண்ணிக்கையும் சேர்ந்த பிறகு ஊரை ஆள்கிறவர்களின் பெயரானது. 1996 முதல் 2006 வரை பத்து வருஷம், இதே வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகத் தேர்தலையே நடக்க விடவில்லை. பேர் பதிய மாட்டோம் என்று அரசை எதிர்த்து நின்ற மரபு, வேட்புமனு பதியக் கூடாது என்று தலித்தை எதிர்த்து நிற்கும் மரபாகத் திரிந்தது. பெருங்காமநல்லூரைப் பேசுகிறவர்கள் பாப்பாபட்டியைப் பேசாமல் விடுவதும், பாப்பாபட்டியைப் பேசுகிறவர்கள் பெருங்காமநல்லூரைக் கேள்விப்படாமலே இருப்பதும் நம் வரலாற்றெழுத்தின் இரண்டு கோணல்கள்.

2023 மார்ச்சில் தமிழக வரவு செலவுத் திட்டத்தில், பல துறைகளின் கீழ் உள்ள பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவிப்பு வந்தது. கள்ளர் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அதில் அடக்கம். தொழிலாளர் ஆணையரின் இரண்டு கோப்புகளும் நூறு வருஷம் கழித்து மறுபடி ஒரே மேசைக்கு வந்தன. அதே வருஷம் ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அரசுப் பள்ளிப் பெயர்களிலிருந்து ‘கள்ளர் சீரமைப்பு’, ‘ஆதிதிராவிடர் நலம்’ போன்ற சொற்களை நீக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய பத்தியோ விவரமோ இருக்கக் கூடாது, அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. பட்டியல் சாதிப் பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பரிந்துரையின் நியாயம் புரியும். உதவித்தொகைக்குப் பேர் வாசிக்கிறேன் என்று கூட்டத்தில் சாதியை வாசித்துவிடும் அறிவிப்பும் இதே ரகம்.

எதிர்ப்பும் வந்தது. பெயர் போனால் வரலாறு போய்விடும், துறை போனால் தனி நிதியும் விடுதியும் போய்விடும் என்ற கவலை. நிதியைப் பற்றிய கவலை நியாயமானது, அதற்கு அரசு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பெயர் போனால் வரலாறு போய்விடும் என்பதை ஏற்பதற்கில்லை. அந்தப் பெயரை வைத்தவர்கள் யார்? தரிசைத் திருத்த வந்தவர்கள். அது ஜனங்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல, அவர்களுடைய கோப்புக்கு வைக்கப்பட்ட தலைப்பு. பலகையில் அந்தத் தலைப்பைக் காப்பாற்றுவதால் பெருங்காமநல்லூரில் செத்தவர்களின் நினைவு காப்பாற்றப்படவில்லை. அந்தப் பள்ளிகளில் எட்டு வருஷம் படித்து வெளியேறும் பிள்ளைக்குத் தன் பள்ளிக்கு ஏன் இந்தப் பெயர் என்று எந்தப் பாடத்திலும் சொல்லித்தந்ததில்லை. நூறு வருஷம் பலகை இருந்தது, வரலாறு இல்லை. அப்படியென்றால் பலகையை எடுக்கும்போது வரலாறு போய்விடும் என்று எப்படிச் சொல்வது?

காப்பாற்ற வேண்டியது வேறு. இந்தப் பள்ளிகளின் பீரோக்களில் பழைய சேர்க்கைப் பதிவேடுகளும் வருகைப் பதிவேடுகளும் கிடக்கும். கரையான் தின்றது போக மிச்சம். துறை மாறும்போது, கட்டடம் மாறும்போது, முதலில் எடைக்குப் போவது இவைதான். 1920களிலும் 30களிலும் யார் பிள்ளை எந்த மாதம் வரவில்லை, அறுவடைக்கு எத்தனை பேர் நின்றார்கள், முதல் பெண்பிள்ளை எந்த வருஷம் சேர்ந்தாள், முதல் தலித் பிள்ளை எந்த வருஷம் சேர்ந்தான், எந்த வகுப்போடு நின்றான் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. போலீஸ் பட்டியலை ஆவணக் காப்பகத்தில் வைத்துப் பாதுகாத்த அரசு, பள்ளிப் பட்டியலையும் அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் நடந்தது என்ன என்று தெரியும்.

இதற்கு இன்றைய அவசரமும் உண்டு. 2019 வாக்கில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர்களின் வருகைக்கு விரல்ரேகைக் கருவி வந்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு எண், வருகை கைபேசிச் செயலியில் ஏறுகிறது. ஒரு காலத்தில் குற்றப் பரம்பரைக்கு மட்டும் என்று வைத்த ரேகை, இன்று குடிமகன் என்பதற்கே அடையாளமாகிவிட்டது. வசதிக்காகத்தானே என்கிறார்கள். இருக்கலாம். ராத்திரிப் பட்டியலையும் ஊரின் நன்மைக்குத்தான் என்றார்கள். கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை: பேர் எழுதப்பட்டவன் அந்த நோட்டை வாசிக்க முடிகிறதா, தப்பாக இருந்தால் திருத்தச் சொல்ல முடிகிறதா, அதன் பேரில் அவனுக்குச் சோறு வருகிறதா, போலீஸ் வருகிறதா? காகித நோட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளை எட்டிப் பார்த்து வாசித்துவிடலாம். செயலிக்குள் இருக்கும் நோட்டை வாத்தியாரே முழுதாகப் பார்க்க முடியாது.